பெட்ரோனல் போட்ட படுக்கை

பிரின்வென் வீடு,
மிக்கேல் சம்மனசு திருநாளுக்கு மறுநாள், 1401

அன்புள்ள அண்ணன் வாரினுக்கு,

தங்கை ஹவிஸ் எழுதுகிறேன். முட்டி வலியைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. உன் இருமல் நின்றதா? கடற்காற்று உனக்கு ஒத்துக்கொள்ளாது என்று நீ அபெர்கால் கோட்டைக்குத் தலைவனாகப் போன அன்றே சொன்னேன். யார் கேட்டீர்கள்? அண்ணி நன்றாகத்தான் இருப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். மலைக்காரர்கள் மறுபடி கிளம்பிவிட்டார்கள். போன வியாழன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மடத்துக் களஞ்சியத்தைக் கொளுத்தினார்கள். புகை எங்கள் சமையல்கட்டு வரைக்கும் வந்தது. என் காரியக்காரர் இதெலைத் தெரியுமே, அவரும் மலைக்காரர்தான், இருபது வருஷமாக நம் வீட்டுச் சோறு சாப்பிடுகிறவர். அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்: "அவங்க இந்தப் பள்ளத்தாக்குல இறங்கினா கண்ணுல படறது ஒரே வீடுதான்மா. நம்ம வீடு."

அதனால் எனக்குப் பன்னிரண்டு வில்லாளிகள் வேண்டும். உன் பிரபுவிடம் சொல்லி அனுப்பி வை. சோறும் இடமும் நான் கொடுக்கிறேன். மதிலைப் பற்றிக் கவலை வேண்டாம். மதில்மேல் வில்லாளிகள் மறைந்து நின்று எய்யப் பல்வரிசை வைக்க அரசரின் அனுமதி கேட்டு என் ரோஜர் பத்து வருஷம் நடையாய் நடந்தார், கிடைத்து முடித்த வருஷமே போய்ச் சேர்ந்தார். இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுக்கு அந்தப் பேறு உண்டு, சொல்.

வீட்டைவிட்டு உன்னிடம் வந்துவிடு என்று மட்டும் எழுதாதே. விதவை ஒரு வருஷமும் ஒரு நாளும் விலகியிருந்தால் வீடு கொழுந்தன் கைக்குப் போகும் என்பது இங்கத்து வழக்கம். ட்ரூ அதற்காகத்தான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறான். இந்த வீடு இல்லை என்றால் எனக்கு நிற்க ஓர் இடம் கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள், மார்பில் தேன்மெழுகு தடவு.

உன் தங்கை,
ஹவிஸ்

*

அபெர்கால் கோட்டை,
அர்ச்சிஷ்ட லூக்காஸ் திருநாள்

அன்புத் தங்கைக்கு,

வாரின் சொல்ல, கோட்டை எழுத்தர் ஜெர்வஸ் எழுதுவது. எல்லோரும் சுகம். இருமல் குறைந்திருக்கிறது. உன் கடிதத்தை ஜெர்வஸ் எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு பிரபுவின் அவையிலும் வாசிக்கப்பட்டது. இங்கே வரும் கடிதம், போகும் கடிதம் எல்லாவற்றுக்கும் இப்போது நகல் உண்டு. நல்ல ஏற்பாடு.

வில்லாளிகள் பற்றிப் பிரபு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு முன்னால், எல்லையிலுள்ள மதில் வைத்த வீடுகளுக்கெல்லாம் ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லியிருக்கிறார். மதிலின் உயரம், கனம், கிணறு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா, எத்தனை பேர் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம். பட்டியல் போடும் பொறுப்பு என்னுடையது. உன் வீட்டு விவரத்தை எழுதி அனுப்பு.

எனக்கு நினைவிருக்கிற வரையில் உன் வடக்கு மதில் சாய்ந்திருந்தது. பல்வரிசை பார்வைக்கு அழகு, மற்றபடி ஒன்றுமில்லை என்று ரோஜரே ஒருமுறை என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். கிணற்றிலும் கோடையில் தண்ணீர் இருக்காது. அப்படித்தான் என்றால் அப்படியே எழுது. அவசரப்படாமல், யோசித்து எழுது.

பெட்ரோனல் விசாரித்தாள்.

வாரின்

*

பிரின்வென் வீடு,
சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாள்

அண்ணா,

உன் சுகத்தை அறிந்தேன். என் சுகத்தை உன் கடிதம் கெடுத்துவிட்டது.

வடக்கு மதில் சாய்ந்திருக்கிறதாம். யார் சொன்னது? நீ இங்கே கடைசியாக வந்தது ரோஜரின் அடக்கத்துக்கு. அன்றைக்கு நீ குடித்த மதுவுக்கு மதில் என்ன, மலையே சாய்ந்துதான் தெரிந்திருக்கும். ரோஜர் தன் மதிலைப் பற்றி அப்படிச் சொன்னார் என்றால் நான் நம்ப மாட்டேன். அவர் செத்துவிட்டார் என்கிற தைரியத்தில் அவர் வாயில் வார்த்தையைப் போடாதே.

எழுதிக்கொள்ளச் சொல் உன் ஜெர்வஸை. உயரம் இருபத்திரண்டு அடி. கனம் எட்டு அடி. பல்வரிசை நான்கு பக்கமும் முழுசாக, ஒரு பல்கூட உடையாமல். கிணறு முற்றத்துக்குள்ளேயே, வெயிற்காலத்திலும் வாளி முங்கும். வாசல் கதவு கருவாலி மரம், இரும்புப் பட்டை அடித்தது. முப்பது பேர் இருந்தால் ஒரு வருஷ முற்றுகையைத் தாங்கும். எந்தப் படை வந்தாலும் வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். உன் அபெர்காலில் வடமேற்குக் கோபுரம் ஒழுகுகிறதே, அதுபோல இங்கே ஒன்றும் ஒழுகவில்லை.

அவையில் வாசித்தார்களா? சந்தோஷம். இதையும் வாசிக்கட்டும், சத்தமாக.

அண்ணி விசாரித்தாளா, நம்பிவிட்டேன். போன முறை நான் வந்தபோது மூன்றாம் நாள் காலையிலேயே என் குதிரைக்குச் சேணம் போடச் சொன்னவள். வைக்கோல்மீது ஒரு கம்பளி, அதுதான் எனக்குப் படுக்கை. நான் எதையும் மறக்கிறவள் இல்லை. அவளுக்கு என் அன்பைச் சொல்.

வில்லாளிகள் எப்போது?

ஹவிஸ்

*

அபெர்கால் கோட்டை,
அர்ச்சிஷ்ட மார்ட்டின் திருநாள் கழிந்த எட்டாம் நாள்

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகமே. நீயும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதம் அவையில் வாசிக்கப்பட்டது. கேட்டவர்கள் வியந்தார்கள். பிரபு இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

இருந்தாலும் ஒரு சந்தேகம். உங்கள் பள்ளத்தாக்கில் அடிக்கோல் சின்னது. நம் எட்டு அடி என்பது உங்கள் அடியில் பன்னிரண்டு வரும். நீ அந்தச் சின்ன அடியில் அளந்திருந்தால் கனம் ஐந்துக்குச் சற்றே மேல்தான் இருக்கும். மதிலோடு சேர்த்து அகழிக்கரையையும் அளக்கும் பழக்கம் சிறு வயதிலிருந்தே உனக்கு உண்டு. ஒருவேளை தவறு நேர்ந்திருந்தால் திருத்திக்கொள்ள இது நல்ல சமயம். பட்டியல் இன்னும் முத்திரையிடப்படவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் பதில் வந்தால் போதும்.

யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள், ஹவிஸ். சின்ன அடி என்று எழுதினால் சின்ன அடி, அவ்வளவுதான்.

வாரின்

*

பிரின்வென் வீடு,
அர்ச்சிஷ்ட லூசியா திருநாள்

அண்ணா,

உன் நலம் அறிந்து மகிழ்ச்சி. இங்கே பனி. கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன.

சின்ன அடி இல்லை. பெரிய அடி. சந்தேகமே வரக்கூடாது என்று இதெலைக் கயிறு கட்டி மதில்மேல் ஏற்றி அளக்கச் சொன்னேன். மனுஷன் பாவம், ஐம்பத்தாறு வயதில் வடக்கு மூலையில் தொங்கிக்கொண்டு, "எத்தனைன்னு சொல்லணும்மா? அதைச் சொல்லுங்க, நான் இறங்கறேன்" என்று கத்தினார். எட்டு என்று நான் சொன்னேன். எட்டு என்று எழுதிக்கொள்.

நீ ஏன் என் வீட்டைக் குறைத்துப் பேசிக்கொண்டே இருக்கிறாய் என்று எனக்கு விளங்கவில்லை. மற்றவர்கள் தங்கை வீட்டைப் பற்றி இல்லாததையும் சேர்த்துச் சொல்கிறார்கள். இளைத்த வீட்டுக்கு யார் வில்லாளிகளை அனுப்புவார்கள்? பலமான வீட்டைத்தானே காப்பாற்றுவார்கள்?

ஒரு செய்தி. கிரெண்டன்காரர்களின் வீட்டை இடித்துவிட்டார்கள். மலைக்காரர்கள் இல்லை, நம் பிரபுவின் ஆட்களேதான். நாற்பது கொத்தர்கள் கடப்பாரையோடு வந்து, ஆறே நாளில் கோபுரம், மதில், கூடம் எல்லாம் தரை. எதிரி கையில் சிக்கினால் ஆபத்து என்றார்களாம். அந்த வீட்டு மார்ஜரி மழையில் நடுத்தெருவில் நின்றாள், இரண்டு கையிலும் இரண்டு கோழி. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர்களுக்கு மலைக்காரர்களோடு கொடுக்கல் வாங்கல் என்று ரொம்ப நாளாகப் பேச்சு. நெருப்பில்லாமல் பிரபு அப்படிச் செய்வாரா? நம்மைப் போல ஒழுங்காக இருப்பவர்களுக்குப் பயமில்லை.

என் வில்லாளிகள் எங்கே?

ஹவிஸ்

*

அபெர்கால் கோட்டை,
மாசில்லாக் குழந்தைகள் திருநாள்

அன்புத் தங்கைக்கு,

பண்டிகை நல்லபடி கழிந்தது. உனக்கும் அப்படியே கழிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உன் அளவுகள் பட்டியலில் ஏறிவிட்டன. முத்திரையும் ஆயிற்று. இனி அதைப் பற்றி நாம் எழுதிக்கொள்ளத் தேவையில்லை.

கிரெண்டன் வீட்டுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பியவன் இங்குள்ள காவல் வீரன் ஒருவன், அவர்கள் வீட்டு மாப்பிள்ளை. நிலவறையில் இருக்கிறான். பட்டியலிலுள்ள எந்த வீட்டுக்கும் இங்கிருந்து ஒரு வார்த்தை போனாலும், போக விட்டவன் தலை போகும் என்பது பிரபுவின் உத்தரவு. கோட்டைத் தலைவனும் அதற்கு விலக்கில்லை. சரியான உத்தரவு. என் கடிதங்களை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதையும் ஜெர்வஸை எழுதச் சொல்கிறேன்.

கொத்தர்களுக்கு இன்னும் ஐந்து வாரம், மெழுகுவத்தித் திருநாள் வரைக்கும், இங்கே கோபுர வேலை இருக்கிறது. நீ சொன்ன ஒழுகல்தான்.

வேறு செய்தி இல்லை. பெட்ரோனல் உன்னை மிகவும் விசாரித்தாள். வாசல் மேல் அறையை ஒழித்து, கழுவி, வாத்து இறகு மெத்தை போட்ட படுக்கை ஒன்று உனக்காகப் போட்டு வைத்திருக்கிறாள். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, நீ இஷ்டப்பட்டவரை வந்து தங்கலாம் என்று அவளே சொன்னாள்.

வாரின்

*

பிரின்வென் வீடு,
மூன்று இராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகமாயிருப்பது அறிந்து கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

அண்ணிக்கு என் நன்றியைத் தவறாமல் சொல். அவள் எப்போதுமே என்மேல் உயிராக இருப்பவள். நான் எதற்கோ கோபத்தில் முன்பு ஏதாவது எழுதியிருந்தால் அதை நகலில் பார்க்கிறவர்கள் பெரிதாக எடுக்க வேண்டாம். நாத்தனார் அண்ணி என்றால் ஆயிரம் இருக்கும். அவள் படுக்கை போட்டாள் என்ற வரியை நான்கு தரம் வாசித்தேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன்.

உடனே வர முடியாது. ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது. ரோஜர் இறந்து மூன்று வருஷமாகிறது, அவர் ஆன்மாவுக்காக நான் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. நம் பங்குக் கோயிலின் மணிக்கூண்டு பாதியில் நிற்கிறது. கல் இல்லை என்கிறார் சாமியார். என்னிடம் கல் இருக்கிறது. என் மதிலைக் கோயிலுக்குக் கொடுப்பதாக இன்று காலைப் பூசையில் எல்லோர் முன்னிலையிலும் நேர்ந்துகொண்டேன். கோயிலுக்குக் கொடுத்த கல்லின்மேல் பிரபுவானாலும் கைவைக்க மாட்டார் அல்லவா, அதனால் அவருக்கும் இதில் வருத்தம் இருக்காது.

ஆயர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார், கோயில் கட்ட ஒரு கல் சுமப்பவனுக்கும் செத்தபின் உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவத்துக்காக வேகும் நாட்களில் நாற்பது குறையும் என்று. பங்கிலிருக்கும் அத்தனை பேரும் நாளைக்கு வருகிறார்கள். செய்த பாவம் யாருக்குத்தான் இல்லை.

மெழுகுவத்தித் திருநாளுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஹவிஸ்

*

அபெர்கால் கோட்டை,
சாம்பல் புதனுக்கு முந்தின நாள்

அன்புத் தங்கைக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். கொத்தர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல், மற்றவர்கள் நலம்.

அலுவல் முறைப்படி உனக்குத் தெரிவிப்பது: மெழுகுவத்தித் திருநாள் கழிந்த நான்காம் நாள், நான் நாற்பது கொத்தர்களோடும் எழுத்தர் ஜெர்வஸோடும் பிரின்வென் வந்தேன். அங்கே மதில் இல்லை. வாசல் கதவு இல்லை. அகழியில் பாதி மண் விழுந்திருந்தது. கற்கள் கோயில் வளாகத்தில் குவிந்திருந்தன, ஆயரின் ஆள் அவற்றை எண்ணி வைத்திருந்தார். மிஞ்சியது ஒரு குடியானவர் வீடு. இடிக்க ஒன்றும் இல்லாததால் இடிக்கப்படவில்லை. பட்டியலில் அந்தப் பெயரின்மேல் கோடு இழுக்கப்பட்டது.

மதிலின் அடித்தளத்தை ஜெர்வஸ் கோல் வைத்து அளந்தார். எட்டு அடி இல்லை. எத்தனை என்று அவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

கொத்தர்களுக்கு நீ போட்ட ஆட்டுக் கறியும் வெங்காயமும் நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

வாரின்

*

பிரின்வென் வீடு,
தவக்காலம், நான்காம் ஞாயிறு

அன்புள்ள அண்ணா,

கொத்தனுக்குக் காய்ச்சல் விட்டதா? எனக்கு முட்டி வலியோடு இப்போது முதுகும் சேர்ந்துகொண்டது. நானும் கல் சுமந்தேன். பாவம் எனக்கும் உண்டு.

அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் நீ மதில் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்தாய். வடக்கு மூலையில் நின்றாய். "இனிமே இங்க காத்து அடிக்குமே, ஹவிஸ்" என்றாய், அவ்வளவுதான். அடிக்கிறது. கஞ்சிப் பானை மேல் வைத்த மூடி நிற்பதில்லை.

மறைக்காமல் சொல்கிறேன், அழுதேன். இடிக்கும்போது இல்லை, அப்போது வேலை இருந்தது. முடிந்த மறுநாள் காலையில் சமையல்கட்டுக் கதவைத் திறந்தால் ஆறு தெரிகிறது. இருபது வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், அடுப்படியிலிருந்து ஆறு தெரிந்ததே இல்லை. ரோஜர் பத்து வருஷம் அலைந்து வாங்கியதை நான் பதினாறு நாளில் பிடுங்கி எறிந்தேன். அந்த அனுமதிச் சீட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது, அரக்கு முத்திரையோடு. என்ன செய்வது அதை? வைத்திருக்கிறேன்.

போன வாரம் மலைக்காரர்களும் வந்தார்கள். ஐம்பது அறுபது பேர், பட்டப்பகலில். கதவு இல்லை, நேராக முற்றத்துக்கே வந்துவிட்டார்கள். தலைவன் என்று ஒருத்தன், தாடி நரைத்தவன், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு இதெலிடம் அவர்கள் பாஷையில் கேட்டான். இதெல் எனக்குச் சொன்னார்: "மதில் எங்கேன்னு கேக்கறாரும்மா. அதைப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கோடை முழுக்க உக்காரலாம்னு வந்தாங்களாம்." கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். ஒன்பது மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். பாலாடைக்கட்டி முழுவதும் போயிற்று. வீட்டுக்குத் தீ வைக்கவில்லை.

ஆக வீடு நிற்கிறது. நான் உள்ளே இருக்கிறேன். ட்ரூ ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, இந்தக் கொட்டகைக்கா இத்தனை நாள் காத்திருந்தேன் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனான். அதில் கொஞ்சம் நிம்மதி.

அண்ணிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீயே சொல்லிவிடு.

ஹவிஸ்

*

அபெர்கால்,
பாஸ்கு திருநாளுக்கு அடுத்த வியாழன்

நாத்தனார் ஹவிஸுக்கு,

பெட்ரோனல் எழுதச் சொல்வது. உன் முதுகும் முட்டியும் எப்படி? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

இதை ஜெர்வஸ் எழுதவில்லை. கப்பலுக்குக் காத்திருக்கும் ஒரு யாத்திரைச் சாமியார் எழுதுகிறார். நாளைக் காலை அலையோடு அவர் கடல்கடந்து போய்விடுவார். உப்பு வாங்க வந்த உன் இதெல் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடு.

உனக்குத் தெரியாது, சொல்கிறேன். பாஸ்குவுக்கு முந்தின செவ்வாய் பிரபுவின் விசாரணைக்காரர் வந்தார். பட்டியலில் எல்லா வீடும் இடிந்திருக்க, கோட்டைத் தலைவனின் தங்கை வீடு மட்டும் நிற்கிறது, அதுவும் கொத்தர்கள் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் மதில் கோயிலுக்குப் போய்விட்டது, இது என்ன அதிசயம் என்று கேட்டார். நகல்களை எல்லாம் எடுக்கச் சொல்லி ஒரு முழு நாள் படித்தார். எங்கேயும் ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் படுக்கை பற்றிய வரியில் வந்து நின்றார். மூன்றாம் நாள் சேணம் போட்டது, வைக்கோல், கம்பளி, எல்லாம் நீ உன் கையால் எழுதி வைத்திருக்கிறாயே. அப்படிப்பட்டவள் இரண்டு வருஷத்துக்கு இறகு மெத்தை போடுகிறாளா?

என்னைக் கூப்பிட்டார்கள். கூடத்தில் உன் அண்ணன் நின்றிருந்தார். ஜெர்வஸ் மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணைக்காரர் சிலுவையைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"அம்மா, போன கிறிஸ்துமஸ்ல உங்க நாத்தனாருக்கு வாசல் மேல் அறையில படுக்கை போட்டீங்களா?"

என்ன படுக்கை, ஹவிஸ்? எனக்கு ஒன்றுமே தெரியாது. அந்த அறையில் உப்புமீன் பீப்பாய்கள் இருந்தன. ஆனால் உன் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிற முகம். அதில் ரத்தமே இல்லை.

"போட்டேன்" என்றேன்.

"உங்களுக்கும் அவங்களுக்கும் ஆகாதுன்னு எழுதியிருக்கே."

"ஆகாதுதான். அதுக்காக? நாத்தனார்கிட்ட சண்டை போடறது வேற, அவ தனியா மலையடிவாரத்துல கிடக்கறாளேன்னு நெனைக்கறது வேற. உங்க வீட்டுப் பொம்பளைங்க எப்படியோ. வாங்க, வந்து பாருங்க."

சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றார். நல்ல வேளை, தவக்காலம், சமையற்காரன் அன்றைக்கு மூன்று வகை மீன் செய்திருந்தான். அவர் மூன்றையும் தின்று முடிப்பதற்குள் நானும் இரண்டு வேலைக்காரிகளும் பதினோரு பீப்பாய்களை உருட்டித் தள்ளி, தரையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, என் கல்யாணக் கட்டிலைப் பிரித்துப் படியில் ஏற்றிக் கோத்தோம். மெத்தை என்னுடையது. தலையணை என் அம்மா கொடுத்தது. அவர் மேலே வந்தார், மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார், மீன் வாடை என்றார். கடற்கரைக் கோட்டை ஐயா, வேறென்ன வாடை வரும் என்றேன். போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் உன் அண்ணனைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னார். சாய்ந்த மதில், வற்றிய கிணறு, சின்ன அடி, எது எழுதியும் உனக்கு ஏறவில்லையாம். கடைசியில், "நீ படுக்கை போட்டேன்னு எழுதினா அவ நிச்சயம் புரிஞ்சுக்குவான்னு தெரியும்" என்றார். தெரிந்த மாதிரியே நீயும் புரிந்துகொண்டாய். ஒரே வரியில்.

வீடு தப்பியது, அவர் தலையும் தப்பியது. சந்தோஷம்தான். ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்ரோனல் உனக்கு ஒரு படுக்கை போட வேண்டுமென்றால் உன் வீடு இடிந்தே ஆக வேண்டும் என்று அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் அவ்வளவு உறுதி. ஒருத்தர்கூட, ஒருவேளை உண்மையாகவே போட்டிருப்பாளோ என்று நினைக்கவில்லை. சேணம் போடச் சொன்னது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்த வாரம் எனக்கு மூன்றாவது பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அவரைத் தடுத்தேன். வீட்டில் யாரும் இருக்க வேண்டாம் போல இருந்தது.

கட்டிலைக் கீழே இறக்கவில்லை. நானும் உன் அண்ணனும் வைக்கோலில்தான் படுக்கிறோம். விசாரணைக்காரர் கோடையில் திரும்பி வருவதாகச் சொன்னார், அதற்காக என்று வேலைக்காரிகளிடம் சொல்லியிருக்கிறேன்.

பெந்தெகொஸ்து திருநாளுக்கு வா. ஒரு வாரம் இரு, அதற்குள் ட்ரூ உன் வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டான். நான் கூப்பிட்டு நீ வந்தாய் என்று ஒரு தரமாவது இருக்கட்டும்.

பெட்ரோனல்